காலைப் பொடியும் மாலைப் பொடியும்

கோபத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்த வீட்டில் லேசான காரியமில்லை. கீழே முன்பக்கம் மூலிகைக் கடை, அதற்குப் பின்னால் அரவைக்கூடம், மேலே குடித்தனம். வல்லாரையும் சடாமாஞ்சிலும் போட்டு மாலைப் பொடி அரைக்கிற நாளில், தூசு படியேறி மாடிக்கு வந்து தலையணை உறை வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள். மூத்த மருமகள் பெரியவளுக்கு அதுதான் எரிச்சல். காலையில் எழுந்ததும், கொழுந்தனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்குவாள். மத்தியானம் வரை சல்லடையைப் பிடித்துவிட்டு மாடிக்கு வந்தால், அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்து, "போதுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டு முடித்த பிறகுதான் வயிறு எரியும்.

அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தவை இரண்டே பொடிகள். காலைப் பொடியில் அமுக்கரா வேரும் சுக்கும் பிரதானம். சோர்ந்து கிடக்கிறவனை எழுப்பி உட்கார வைக்கும். மாலைப் பொடி படபடப்பை அடக்கித் தூக்கத்தைக் கூட்டிக்கொண்டு வரும். இரண்டையும் ஒரே ஆள் சாப்பிடலாம், ஒரே வேளையில் கூடாது. நடுவில் ஒரு பகல் இருக்க வேண்டும். அது மாமனார் போட்ட சட்டம். அவர் போட்டுவிட்டுப் போன இன்னொரு சட்டத்துக்கு 'வீட்டு வாய்' என்று பேர். எதைப் புதிதாகக் கலந்தாலும் முதலில் வீட்டில் உள்ள எல்லாரும் ஒரு வாரம் அதைக் குடிக்க வேண்டும். யாருக்குத் தூக்கம் கெட்டது, யாருக்கு வயிறு பொருமியது, யார் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்கள் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பேசுவார்கள். அதற்குப் பிறகுதான் பொடி கடைப்பக்கம் போகும். மாமனார் காலத்தில் அந்தப் பேச்சே பெரிய சிரிப்பாக இருக்கும். அவரே ஒரு தடவை நடுப்பகலில் கொட்டாவி தாங்காமல், பேசிக்கொண்டிருந்த ஆளின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாராம்.

மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர், அதாவது பெரியவளின் புருஷன், அரவைக்கூடத்தை விட்டு வெளியே வராத மனிதர். வேர் மூட்டை வந்தால் ஒரு துண்டைக் கடித்து நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்கேயோ பார்ப்பார். "ஈரத்துல கிடந்திருக்கு", "இது போன வருஷத்துது" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதோடு பேரம் முடிந்தது. அவரை எல்லாரும் நாக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இளையவன் கடையில் நிற்பவன். அவனுக்குச் சிரிப்புக்காரன் என்று பேர். துக்கம் விசாரிக்கப் போனாலும் பல் தெரியப் போய் நிற்பான். அந்தப் பல்லைப் பார்க்கவே பாதிப் பேர் கடைக்கு வந்தார்கள், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்தச் சிரிப்புக்காரனுக்கு ஒருநாள் யோசனை ஒன்று உதித்தது.

"காலைக்கு ஒண்ணு, மாலைக்கு ஒண்ணுன்னு யாரு ஞாபகம் வச்சிக்கிறாங்க அண்ணா? ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டா ஒரே டப்பா, ஒரே கரண்டி. சுறுசுறுப்பும் ஆச்சு, நிம்மதியும் ஆச்சு."

"வேண்டாம்டா. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கும்" என்றார் நாக்குக்காரர்.

"நீங்க எதுக்குத்தான் வேண்டாம்னு சொல்லல?" என்று சிரித்துவிட்டு அவன் போனான். வீட்டு வாய் பார்க்காமலே டப்பா கடைக்குப் போனது. அதை வாங்கிக் குடித்தவர்களில் எதிர்த் தெருத் தையல்காரரும் ஒருவர். நல்ல மனிதர், தூக்கம் மட்டும் வராது. ஒரு பகலில் ஓடுகிற மெஷின் மேலேயே கண் செருகிச் சாய்ந்தார். கால் மிதியை விட்டு எடுபடவில்லை. ஊசி விரலைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

தையல்காரரின் மைத்துனர்கள் கடை வாசலில் வந்து நின்று கத்தினார்கள். தெருவே கூடிவிட்டது. சிரிப்புக்காரன் நேரே அரவைக்கூடத்துக்குள் வந்து அண்ணன் காதருகே குனிந்தான். சல்லடைக்குப் பின்னால் பெரியவள் உட்கார்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்கத் தேவையில்லை என்று நினைத்தான்.

"அண்ணா, கடைக்கு முகம் நான். என் பேர் கெட்டா கடையே போச்சு. நீங்க உள்ள இருக்கறவர். உங்க பேர் போனா யாருக்கு என்ன? கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போனான். அவன் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. "எங்கண்ணன் கலந்ததுங்க. வயசாகுதில்ல, நாக்கு மரத்துப்போச்சு. இனிமே எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு வேர்க்காரர்கள் மூட்டையைப் பிரித்துக் காட்டுவது சிரிப்புக்காரனிடம்தான். பழக்கத்தில் ஒருவர் நாக்குக்காரரிடம் துண்டை நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்கு மாடியேறின நாக்குக்காரர் பிறகு கீழே இறங்கவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணியைப் பார்த்தபடி இருந்தார். சம்பந்தப்பட்ட டப்பாக்களைப் பரண் மேல் ஏற்றியாயிற்று. மனிதரை எங்கே ஏற்றுவது?

ஒருநாள் பருப்பில் உப்புப் போட மறந்துவிட்டாள் பெரியவள். தன் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, உப்பே இல்லையே. சொல்லக்கூடாதா?"

"என் நாக்குக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

பெரியவள் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வாயாலேயே வரவேண்டும். அதே கடை வாசலில், அதே ஆட்கள் காதில் விழ, தப்பு தன்னுடையது என்று அவனே சொல்ல வேண்டும். தான் போய்ச் சொன்னால் எவன் நம்புவான்? பெண்டாட்டி, புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். அவனைச் சொல்ல வைக்கிற வரைக்கும் இந்தக் கோபம் ஆறக்கூடாது என்று தீர்மானித்தாள்.

தீர்மானித்தால் போதுமா? மறுநாளே மாலைப் பொடி அரவை. மத்தியானம் முட்டையும் கையுமாக அவன் தட்டருகே நின்றாள்.

ஆகவே பெரியவள் தன் கோபத்துக்கு மருந்து தேட ஆரம்பித்தாள். முதலில் காலைப் பொடியை மட்டும், கரண்டி நிறைய, சூடான பாலில் போட்டுக் குடித்துப் பார்த்தாள். கோபம் நன்றாகவே எழுந்தது. கூடவே கையும் நடுங்கியது. ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்தாள். படியில் படுத்திருந்த பூனையை விரட்டினாள். ஓரகத்தி சின்னவள், அதாவது சிரிப்புக்காரனின் மனைவி, "அக்கா, தார்ப்பாயை மடிக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "மடிச்சா மடி, மடிக்காட்டிப் போ!" என்று கத்திவிட்டாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள்? இந்த வேகத்தில் போனால் வேண்டாத இடத்திலெல்லாம் கொட்டித் தீர்ந்துவிடும், வேண்டிய இடத்தில் கொட்ட ஒன்றும் மிஞ்சாது என்று பெரியவளுக்குப் புரிந்தது.

மாலைப் பொடியை மட்டும் குடித்த நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொழுந்தனின் சட்டையில் பட்டன் தைத்துக் கொடுத்தாள்.

பிறகு பரண் மேலிருந்து அந்தக் கலவை டப்பாவையே இறக்கி, அதையும் ஒரு வாரம் குடித்துப் பார்த்தாள். மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது, காலோ எழுந்திருக்க மாட்டேன் என்றது. தலை விழித்திருக்க, உடம்பு தூங்கியது. மகா அவஸ்தை. ஆனால் ஒன்று கவனித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் உட்கார்ந்த இடத்தில் ஒருதரம்கூடக் கண் செருகிச் சாயவில்லை. அவஸ்தை வேறு, மெஷின் மேல் விழுகிற தூக்கம் வேறு. அப்படியானால் தையல்காரரைச் சாய்த்தது இது மட்டுமில்லை. வேறென்ன?

கடைசியில் மாமனார் கணக்குக்கே திரும்பி வந்தாள். காலையில் காலைப் பொடி கொஞ்சம், விளக்கேற்றுகிற நேரத்துக்கு மாலைப் பொடி, நடுவில் ஒரு பகல். அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் ஒரு இடத்தில் சரியாக நின்றது. கோபம் பொங்கவும் இல்லை, அவியவும் இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கை நடுங்கவில்லை.

"தினம் என்னக்கா குடிக்கிறீங்க?" என்று சின்னவள் கேட்டாள். அவளுக்குக் கசப்பு ஆகாது. வீட்டு வாய் நாட்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஜாதி.

"கை நடுங்காம இருக்கறதுக்கு."

"உங்களுக்கா? நீங்க பாறையாச்சே."

"பாறைக்கும் எப்பவாவது நடுங்கும். நீ போய் வேரைப் புரட்டு, மழை வர்ற மாதிரி இருக்கு."

மழை வந்தேவிட்டது. வந்தது விடவும் இல்லை. மொட்டை மாடியில் காய்ந்த வேரையெல்லாம் அள்ளி அறைகளில் கொட்டினார்கள். படுக்கிற இடமெல்லாம் வேர். பொடி கட்டிதட்டியது, சல்லடைக் கண் அடைத்தது, அரவை நின்றது. வேலையில்லாத அந்த நாட்களில் பெரியவள் ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்த் தெருவுக்குப் போனாள்.

தையல்காரர் விரலில் இன்னும் துணி சுற்றியிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். அளவு கொடுத்துவிட்டு அவள் பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பொடியோட வேற ஏதாவது சாப்பிட்டீங்களாண்ணே?"

"டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை. அது ரொம்ப நாளா போடறதுதான்மா. பொடி வாங்கும்போதே கேட்டேனே, மாத்திரையும் போடறேன், இதையும் குடிக்கலாமான்னு."

"யாருகிட்ட கேட்டீங்க?"

"கடையிலதான். 'இலைதானே, என்ன பண்ணிடப்போகுது, தாராளமாக் குடிங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அதுல என்னம்மா இருக்கு, தப்பாக் கலந்தது உள்ள இருக்கறவர்தானே?"

சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்த வீட்டில் கடையில் நின்று சிரிக்கிறவன் யாரென்று கேட்கவும் வேண்டுமா? பெரியவள் எழுந்தாள். "தைச்சு முடிச்சதும் வீட்டுக்கு வேண்டாம்ணே, கடைக்கே கொண்டுவந்து கொடுங்க. சொல்லி அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் நடந்தாள். குடையை விரிக்க மறந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மிச்சத்தைச் சின்னவளே கொண்டுவந்து கொடுத்தாள். ஈரத் துணிகளை அறைக்குள் கொடி கட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியமா?"

"சத்தியமா. சொல்லு."

"அவரு தூங்கறதே இல்லக்கா. தையல்காரர் விஷயத்துலேர்ந்துதான். டாக்டர்கிட்டப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்திருக்காரு. ராத்திரியில போடறாரு. மூலிகைக் கடை வச்சிக்கிட்டு மாத்திரை போடறோம்னு தெரிஞ்சா மானம் போயிடும்னு எங்கிட்டயே மறைச்சாரு. மாத்திரையும் பொடியும் ஒண்ணாப் போடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னாராம். அதனால நம்ம பொடி எதையுமே தொடறதில்ல. பயமா இருக்குக்கா."

சின்னவள் அழுதாள். பெரியவள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவிய கை நடுங்கவே இல்லை. அவன் தூங்கவில்லை என்று கேட்டதும் அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

மழை விட்டதும் சிரிப்புக்காரன் பரண் டப்பாக்களை இறக்கினான். பழைய தாளைக் கிழித்துப் புதிய தாள் ஒட்டினான். அதே கலவை, வேறு பெயர். வேர்க்காரர்கள் வந்து கூடுகிற நாளில் கடையில் வைத்து, அவர்கள் மூலமாக வெளியூர்களுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு.

அந்த நாள் கடை நிரம்ப ஆள். தெருவாசிகளும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். தையல்காரர் தைத்த துணியோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். சிரிப்புக்காரன் டப்பாவை உயர்த்திப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியவள் தட்டில் ஒரே ஒரு தம்ளர் பாலோடு உள்ளிருந்து வந்தாள். எல்லாரும் பார்க்க, புது டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளிப் பாலில் போட்டுக் கலக்கினாள்.

"தம்பி, மாமா வச்ச சட்டம். வீட்டு வாய் பாக்காம புது டப்பா வெளிய போகக்கூடாது. நான் குடிச்சாச்சு. இப்ப உங்க முறை."

"கடையில வச்சா அண்ணி? வீட்டுல பாத்துக்கலாமே" என்று சிரித்தான்.

"நல்லதுதானே, குடிங்க சார்" என்றார் வயதான வேர்க்காரர் ஒருவர். "உங்கப்பா இருந்தப்ப எங்களுக்கு முன்னாலதான் குடிப்பாரு. நீங்க குடிச்சுக் காட்டினா நாங்களும் தைரியமா எடுத்துட்டுப் போவோம்."

அவன் தம்ளரை வாங்கினான். உதடு வரை கொண்டுபோனான். பெரியவள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்தால் குடிக்கட்டும், தையல்காரர் பட்டதில் பாதியாவது படட்டும் என்றுதான் நினைத்தாள். அவ்வளவு கெட்ட மனசு தனக்கு இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"ஏன் தம்பி? இலைதானே, என்ன பண்ணிடப்போகுது? தாராளமாக் குடிங்க."

ஓரத்தில் தையல்காரர் தலையைத் தூக்கினார். எங்கேயோ கேட்ட வார்த்தை.

சிரிப்புக்காரன் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். ஆனால் என்ன சொல்கிறான் என்று கேட்கக் கடையே வாயை மூடிக்கொண்டிருந்தது. "அண்ணி, நான் ராத்திரி மாத்திரை போடறேன். மாத்திரை போடறவங்க இதைக் குடிக்கக்கூடாது. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

தையல்காரர் எழுந்துவிட்டார். "ஏங்க, நான் மாத்திரை போடறேன்னு சொல்லித்தானே உங்ககிட்ட கேட்டேன்? குடிங்கன்னு சொன்னீங்களே. உங்க உடம்புன்னா கூடாது, என் உடம்புன்னா பரவாயில்லையா?" துணி சுற்றிய விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இல்லீங்க, அப்ப எனக்குத் தெரியாது. அது எங்கண்ணன் கலந்த..."

படியில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது. நாக்குக்காரர் கடைசிப் படியில் வந்து நின்றார். கூச்சல் கேட்டு வந்தவர், தம்பியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவனை உடைத்தது என்று பிற்பாடு எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வயதான வேர்க்காரர் விடவில்லை. "இந்த டப்பா யாரு கலந்தது?"

"நான்தான்."

"பழைய டப்பா?"

சிரிப்புக்காரனின் சிரிப்பு நின்றது. அந்த முகத்தில் பல் தெரியாமல் ஒருவரும் பார்த்ததில்லை. யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தான். "அதுவும் நான்தான். அண்ணன் வேண்டாம்னு சொன்னாரு" என்றான்.

பெரியவளுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. வேர்க்காரர் மூட்டையிலிருந்து ஒரு துண்டை ஒடித்து, நாக்குக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் கடித்தார். கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தார். "மழையில நனைஞ்சிருக்கு" என்றார். மழைக்காலத்தில் அதைச் சொல்ல நாக்கு வேண்டியதில்லை. ஆனாலும் வேர்க்காரர், "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையை ஆட்டினார்.

அன்று சாப்பாட்டில் உப்புக் கூடிப்போயிற்று என்று நாக்குக்காரர் முகத்தைச் சுளித்தார். பெரியவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஆனந்தமாக அழுதாள். சிரிப்புக்காரன் வீட்டில்தான் இருந்தான், கடையிலும் நின்றான். ஆனால் ஆட்கள் அவனிடம் கேட்டுவிட்டு, "எதுக்கும் உள்ள ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார்கள். ஒவ்வொரு தரம் அதைக் கேட்கும்போதும் பெரியவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அவனை மன்னிக்கிற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

சின்னவள் மட்டும் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. ஈரத் துணி உலர்த்தின அறைப்பக்கம் பெரியவள் போனால், அவள் வெளியே வந்துவிடுவாள். "தம்பியைச் சொல்ல வச்சுத்தான் ஆகணும்னு ஆயிடுச்சு. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பெரியவள் ஒருநாள் ஆரம்பித்தாள். "சத்தியம் பண்ணீங்களேக்கா" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு வேரைப் புரட்டப் போனாள். அவள் அழுதபோது தலையைத் தடவிக்கொடுத்த கை பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. புருஷனுக்காகச் செய்தது எதற்கும் அவள் வெட்கப்படவில்லை. அந்தக் கைக்காக மட்டும் வெட்கப்பட்டாள்.

கோபத்துக்கு வேலை முடிந்ததால் பெரியவள் பொடி குடிப்பதை நிறுத்தியிருந்தாள். மறுபடி வெயில் அடித்து, மாலைப் பொடி அரவை ஓட ஆரம்பித்தது. தூசு படியேறியது. இரண்டு நாளில் சின்னவள் முகம் இளகியது. "அக்கா, சாப்பிட வாங்க" என்று அவளே கூப்பிட்டாள். பெரியவளுக்கு உயிர் வந்தது. எல்லாம் சரியாகிவிடும், இந்த வீட்டில் யாராலும் அதிக நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் அவள் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சின்னவள் வந்து நின்றாள். கையில் ஒரு தம்ளர் சூடான பால்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். காலையில எவ்வளவு போட்டுக்கிட்டீங்க, சாயங்காலம் எவ்வளவு?"

"என்ன?"

"தினம் குடிச்சீங்களே, கை நடுங்காம இருக்கறதுக்கு. அந்த அளவு."

"உனக்கெதுக்கு? கசப்புன்னா ஆகாதே உனக்கு."

"நேத்து உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன்" என்றாள் சின்னவள். "கூப்பிட்ட பிறகுதான் வயிறு எரிஞ்சுதுக்கா. அளவு சொல்லுங்க."

அரவை ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். மாலைப் பொடியை மட்டும் கரண்டி நிறையக் குடி என்று சொன்னால் போதும், இந்தப் பெண் ஜென்மத்துக்கும் சிரித்துக்கொண்டிருப்பாள். இவளிடம் இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"காலையில கால் கரண்டி" என்றாள். "சாயங்காலம் அரைக் கரண்டி. நடுவுல ஒரு பகல் இருக்கணும்."

"சரிக்கா" என்றாள் சின்னவள். காலைப் பொடி டப்பாவைத் திறந்து, கால் கரண்டி அள்ளி, மேலாக இருந்ததை விரலால் வழித்துச் சமன் செய்து பாலில் போட்டுக் கலக்கினாள். மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல், பெரியவளைப் பார்த்தபடியே, அவள் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.